சம்பந்தி வீட்டு மாம்பழ ரோல்

கே.ஜி.கண்டிகை,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

கண்ணு தமிழ்செல்விக்கு நைனா எழுதுவது. மலைமேல் இருப்பவன் தயவில் நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே அயர்லாந்தில், கால்வேயில் நீயும் மாப்பிள்ளை ராஜேஷும் அந்த ஓயாத மழையில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். நீ நன்றாக இருக்கிறாய் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. ஆடிக் கிருத்திகைக்குப் பிறகு நீ அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டுப் போனை வைத்துவிடுகிறாய். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அப்படியே எடுத்தாலும் இங்கே எல்லாம் ஸ்பீக்கரில்தான், என் பேச்சுக்கு நடுவில் உன் அம்மா பேசுவாள். அதனால் கடிதமாக எழுதுகிறேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

இங்கே மழை பரவாயில்லை. போர் தண்ணீர் மேலே ஏறியிருக்கிறது, வேர்க்கடலை போட்டிருக்கிறேன். அம்மாவுக்கு இடது முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, நீ அனுப்பிய தைலத்தைத் தடவாமல் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறாள், நீ ஒரு முறை கண்டித்துச் சொல். சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கோபத்துக்குக் காரணம் ஆர்.கே.பேட்டை மணியம்மை என்பது எனக்குத் தெரியும். என் அக்காதான், ஆனால் கிருத்திகை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே பஸ்ஸிலிருந்து உனக்குப் போன் போட்டிருக்கிறாள். அவள் சொன்னதில் பொய் எதுவும் இருக்காது. ஆனால் கதையைப் பாதியிலிருந்து சொல்லியிருப்பாள். நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

தை மாதம் சம்பந்தியம்மா தவறிப்போன பிறகு, உன் மாமனார் பாலசுப்பிரமணியன் அரக்கோணத்தில் தனியாக ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டு இளைத்துப்போகிறார் என்று நீ எண்ணெய் இல்லாமல் சுட்டெடுக்கிற அந்த ஏர் ஃப்ரையர் மெஷினை வாங்கி அனுப்பினாய். நல்ல காரியம். நீ அனுப்பியதில் எனக்கு வருத்தம் இல்லை. எனக்குத் தெரியாமல் அனுப்பியதில்தான் வருத்தம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நீ அவரை வீடியோவில் கூப்பிட்டு, அவர் மாவு பிசைவதைப் பார்த்துக்கொண்டே இதைப் போடுங்க அதை எடுங்க என்று பக்கத்தில் நிற்பதுபோலச் சொல்லித் தருகிறாய் என்பதும் கிருத்திகை வரைக்கும் எனக்குத் தெரியாது. அதே ஞாயிற்றுக்கிழமை எனக்கு வரும் போன் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். சாப்டியா நைனா, மாத்திரை போட்டியா, அம்மாகிட்ட குடு. அவ்வளவுதான்.

கிருத்திகைக்கு முந்தின வாரம் நான்தான் ஒரு கோணிப்பை நிறைய நீலம் மாம்பழத்தைத் தோப்பிலிருந்து பொறுக்கி எடுத்து, ரயிலில் தூக்கிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். தனியாக இருக்கிற மனிதர், சாப்பிடட்டும் என்று. கிருத்திகை அன்று காலையில் எல்லோரும் காவடியோடு மலைக்குப் போய் இறங்கி வந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அவர் கையில் ஒரு பெரிய டின்னோடு வந்தார். மூடியைத் திறந்ததும் கூடம் முழுக்க மாம்பழமும் ஏலக்காயும் மணத்தது. சின்னச் சின்னச் சுருளாக, மேலே பொன்னிறமாக, நடுவில் பழம் மினுங்கிக்கொண்டு இருந்தது. குழந்தைகள் பாய்ந்து எடுத்தார்கள். பெரியவர்களும் எடுத்தார்கள். உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து நான் கொண்டுவந்து கொடுத்த எதையும் அவள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எல்லோரும் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்க, அவர் சிரித்துக்கொண்டே, "எல்லாம் நம்ம செல்வி சொல்லிக் குடுத்ததுதாங்க. வீடியோல பாத்துகினே இருக்கும், நான் செஞ்சிகினே இருப்பேன். ஒரு வாரம் வரலனா எனக்குக் கையே ஓடாது" என்றார். நம்ம செல்வியாம். அதுகூடப் பரவாயில்லை. மணியம்மை இரண்டாவது ரோலை வாயில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "இன்னா சுந்தரம், உன் தோப்புப் பழத்துக்கு இவ்ளோ ருசி கீதுன்னு இன்னிக்கித்தான் தெரியுது" என்றாள்.

மரம் வைத்தவன் நான். பூச்சி விழாமல் காத்தவன் நான். பறித்துச் சுமந்தவன் நான். பெற்ற மகளும் என் மகள். பெயர் மட்டும் அரக்கோணத்துக்கு. இதை நீ என் இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். எனக்கும் ஒன்றை நீட்டினார், சுகர் இருக்கிறது வேண்டாம் என்றேன். அரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று விடாமல் நீட்டினார். அப்போதுதான் அந்த வார்த்தை வந்துவிட்டது. "சர்வீஸ்ல கீறவரைக்கும் ரயில்ல கார்டு வேல, கொடி காட்டிகினு இருந்தீங்க. இப்ப மாவு உருட்டுறீங்க. வேலவெட்டி இல்லாத மனுசனுக்குப் பொழுது போவணும் இல்ல" என்றேன். அவர் நீட்டிய ரோலை டின்னிலேயே திரும்ப வைத்து, டின்னை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டு, "டிரெயினுக்கு நேரமாவுதுங்க" என்று செருப்பைப் போட்டுக்கொண்டார். இலை போட்டிருந்தது, உட்காரவில்லை. மணியம்மை உனக்குச் சொன்னது இங்கிருந்துதான் ஆரம்பித்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்தது அவளுக்குத் தெரியாது. உன் அம்மா என்னோடு பேசவில்லை. தட்டை வைப்பாள், போவாள். எனக்கோ அந்த ரோல் மறக்கவில்லை. சாப்பிடாமலேயே மறக்கவில்லை. மோட்டாருக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திருத்தணிக்குப் போய் ஒரு ஏர் ஃப்ரையர் வாங்கினேன். கடைக்காரர், பொண்ணுக்குச் சீரா சார் என்று கேட்டார். ஆமாம் என்றேன். பெட்டியைப் பார்த்ததும் உன் அம்மா அத்தனை நாள் பேசாதவள் வாயைத் திறந்து, "இது மோட்டார் சாமானா? ஏங்க, அந்த மனுசன் மேல இவ்ளோ பொறாமையா உங்களுக்கு" என்று கேட்டாள். அவளைச் சமையலறைக்குள் விடாமல் நானே செய்தேன். போனில் யாரோ ஒரு பெண் செய்வதைப் பார்த்துத்தான். மாவில் ஈஸ்ட்டைப் போட்டுக் கொதிக்கிற பாலை ஊற்றினேன். சீக்கிரம் பொங்கட்டும் என்று. மாவு களிமண்ணாகக் கிடந்தது. இருந்தாலும் விடாமல் பழத்தை நறுக்கி உள்ளே வைத்துச் சுருட்டி மெஷினில் வைத்தேன். சாறு எல்லாம் கீழே வடிந்து தீய்ந்து வீடெல்லாம் புகை. அந்த நேரம் பார்த்துப் போர் மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்ததால் ஃபியூஸும் போய்விட்டது. வெளியே எடுத்த ரோலை உடைக்க உலக்கைதான் வேண்டியிருந்தது. மறுபடி ஒரு நாள் குளிர்ந்த பாலை ஊற்றிப் பிசைந்து வைத்தேன். மதியம் வரைக்கும் அசையவில்லை. ஆத்திரத்தில் கொண்டுபோய் எருக்குழியில் கொட்டிவிட்டேன். மறுநாள் காலையில் சாணி கொட்டப் போன உன் அம்மா, "ஏங்க, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் குழிக்குள் அந்த மாவு பூசணிக்காய் அளவுக்கு வெள்ளை வெளேரென்று உப்பிக்கொண்டு நிற்கிறது. கன்றுக்குட்டி அதைப் பார்த்துப் பயந்து கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. உன் அம்மா முட்டி வலியையும் மறந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது.

உன்னைக் கேட்டிருக்கலாம். ஆனால் நீ போனை எடுத்தால்தானே. அந்த வாரம் நீ அம்மாவிடம் சொன்னது எனக்கும் காதில் விழுந்தது. மாமா வீடியோவை எடுக்கிறாரே தவிர, இன்றைக்கு வேண்டாம், உடம்பு சரியில்லை என்று வைத்துவிடுகிறார், ரோல் செய்வதையே விட்டுவிட்டார் என்று சொன்னாய். அதைக் கேட்டு எனக்கு எப்படி இருந்தது என்று உண்மையைச் சொன்னால் நீ இன்னும் கோபப்படுவாய். முதலில், அப்பாடா, அவருக்கும் போன் இல்லை என்றுதான் தோன்றியது. பிறகுதான் அந்த மனிதர் அந்த வீட்டில் யாரோடு பேசுவார் என்று தோன்றியது. எனக்காவது சண்டை போட உன் அம்மா இருக்கிறாள்.

தோப்பில் கடைசியாக நின்ற நீலத்தைப் பறித்துக்கொண்டு மறுநாளே அரக்கோணம் போனேன். கதவைத் திறந்தவர் வாங்க என்றார். குரலில் ஒன்றும் இல்லை. தண்ணீர் கொடுத்தார். ஏர் ஃப்ரையர் ஃபிரிட்ஜுக்கு மேலே துண்டு போர்த்தி இருந்தது. ரயிலில் வரும்போது என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அங்கே உட்கார்ந்ததும் ஒன்றும் வரவில்லை. பழப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு மாவு பொங்க மாட்டேங்குது சம்பந்தி" என்றேன். அவர், "பால எப்டி ஊத்தினீங்க" என்று கேட்டார். ஒரு தரம் கொதிக்கக் கொதிக்க, ஒரு தரம் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஊற்றினேன் என்றேன். எருக்குழியையும் சொன்னேன். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எழுந்து போய்த் துண்டை எடுத்தார்.

பாலை விரலில் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெதுவெது என்று இருக்க வேண்டும், கை எடுக்கத் தோன்றக் கூடாது. "பழத்த அப்டியே வச்சா தண்ணி வுடும் சம்பந்தி. சக்கரையோட நல்லா சுண்ட வச்சி, ஆற வச்சிட்டுத்தான் தடவணும்" என்றார். மாவை மூடி வைத்துவிட்டு இருவரும் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தோம். அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க கோவப்பட்டது எனக்குப் புரியாம இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன். ஆனி மாசம் செல்வி வேல பாக்குற ஆஸ்பத்திரில ஒரு பெரியவரு அது கையப் புடிச்சிகினே உசுர வுட்டாராம். அன்னிக்கி உங்களுக்குத்தான் போன் பண்ணி அழுதுச்சாம். ராஜேஷ் சொன்னான். மறுநா வீடியோல கண்ணு வீங்கி இருந்துது. இன்னாம்மா ஆச்சின்னு கேட்டேன். ஒண்ணும் இல்ல மாமா, ஈஸ்ட் வாங்கினீங்களான்னு கேக்குது. என்கிட்ட மாவப் பத்திதான் பேசும் சம்பந்தி. மனசுல கீறது எல்லாம் உங்களுக்குத்தான்." சொல்லிவிட்டு மூடியைத் தூக்கி மாவைப் பார்த்தார், அது பொங்க இன்னும் நேரம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

அவர் முகம் அப்படி வாடியிருக்கும்போது நான் சந்தோஷப்பட்டிருக்கக் கூடாது. ஆனாலும் பட்டேன் கண்ணு. அந்த மதியம் நீ போனில் அழுததும், நான் வரப்பிலேயே உட்கார்ந்து நீ ஓயும்வரை ஒன்றும் சொல்லத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்ததும் எனக்கு ஒரு பாரமாகத்தான் இருந்தது. வேறு ஒருவர் அதற்கு ஏங்கிக்கொண்டிருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. அவர் தோளில் கை வைத்தேன். அன்றைக்குச் சொன்னது தப்பு என்று அப்போதுதான் சொல்ல முடிந்தது. "வுடுங்க, எண்ணெய் தடவுங்க தட்டுல" என்றார்.

மாவு நன்றாகப் பொங்கியது. அவர் பாதி சுருட்டினார், நான் பாதி சுருட்டினேன். அவருடையது எல்லாம் ஒரே அளவு. என்னுடையது ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி, ஒன்றில் பழம் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தது. சுகரைப் பார்க்காமல் இரண்டு சாப்பிட்டேன், இதை அம்மாவிடம் சொல்லாதே. உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. மணியம்மை சொன்னது சரிதான், நீலத்தில் அவ்வளவு ருசி இருப்பது எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் அம்மா டின்னைத் திறந்து தேடித் தேடி அவர் செய்ததாக எடுத்துச் சாப்பிட்டாள். நான் செய்தது எது என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதே. இந்த வாரம் அவர் இங்கே வருகிறார். தோட்டத்துக் கொய்யாவை வைத்துச் செய்யலாமா என்று பார்க்கப்போகிறோம். விதை எடுப்பது என் வேலை என்று அவரே முடிவு செய்துவிட்டார், அதிலும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கோபத்தை விட்டுவிடு. டூட்டி முடிந்து வந்ததும் சாப்பிடாமல் படுக்காதே. மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல். காதுக்குக் குல்லாய் போட்டுக்கொண்டு வெளியே போ. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் முகம் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டு நீண்ட நாள் வாழ வேண்டும் என்று தினமும் கிழக்கே மலையைப் பார்த்துக் கும்பிடுகிறேன். தைலத்தைப் பற்றி அம்மாவிடம் கேட்க மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்த அடுத்த ஞாயிறு உன் மாமனாரை வீடியோவில் கூப்பிடு. காலையிலேயே குளித்துவிட்டு, போனைச் சர்க்கரை டப்பாவுக்குச் சாய்த்து வைத்துக் காத்திருப்பாராம், மாவு பொங்குகிற நேரத்தில் அவரே சொன்னார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு, ரோல், கேக், என்ன வேண்டுமானாலும் சொல்லிக் கொடு, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

ஆனால் முதல் போன் எனக்கு.

இப்படிக்கு உன்
நைனா
சுந்தரமூர்த்தி