ஒற்றை எஞ்சின் விமானமும் புவனாவின் நிச்சயமும்

மே 4, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். எங்கள் ஊர் செரண்டா முழுக்கப் பால் கலந்தது போல ஒரு வெயில். துணி காய்ந்துவிட்டது. நான்தான் காயவில்லை.

சேகர் (இனி சே. போதும், கை வலிக்கிறது) மறுபடியும் கேட்டார். "ஒரு தடவ ஏறிப் பாரேன் மாலதி. அரை மணி நேரந்தான் லா." விமானம் ஓட்ட லைசன்ஸ் வாங்கி ஒரு வருஷம். பக்கத்து ஊர் ராசாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஹாஜாவோடு சேர்ந்து கிளப் விமானத்தை வாடகைக்கு எடுத்துப் பறக்கிறார். என்னைத் தவிர எல்லாரையும் ஏற்றியாகிவிட்டது. நான் எப்போதும் "பார்க்கலாம்."

மதியம் தொழிற்சாலை கேன்டீனில் அந்த மாடலின் பெயரைப் போனில் தட்டி, பக்கத்தில் 'விபத்து' என்று போட்டேன். வந்தது. வந்துகொண்டே இருந்தது. உலகத்தில் எந்த மூலையில் அது விழுந்தாலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பொறுமையாக எழுதி வைக்கிறார். என் வேலையும் ஏறக்குறைய அதுதான். ரப்பர் கையுறையில் ஓட்டை இருந்தால் ஏன் என்று கேட்பது, வந்த பதிலுக்கும் ஏன் என்று கேட்பது.

ஞாயிறு புவனாவுக்கு நிச்சயம். சே.யின் ஒரே தங்கை. மாமனார் இல்லை, அத்தை மட்டுந்தான், அதனால் பெண் வீட்டுத் தட்டை சே.தான் மாற்ற வேண்டும். நான் வாங்க வேண்டியவை: வெற்றிலை, ஜிகினாத் தாள், தைக்கக் கொடுத்த ரவிக்கை, அத்தைக்குக் கால்வலித் தைலம்.

மே 5, செவ்வாய்

சாயங்காலம் இடி மட்டும். மழை இல்லை.

இன்னும் படிக்கிறேன். நான் நினைத்தது போல இறக்கை ஒடிவதெல்லாம் இல்லை. எல்லாம் சின்னச் சின்ன விஷயம். பெட்ரோல் இருக்கிறது என்று நினைத்தார், இல்லை. பெட்ரோலில் மழைத்தண்ணீர் கலந்திருந்தது, வடித்துப் பார்க்கவில்லை. வேகமாக இறங்கினார், சக்கரம் தரையில் பட்டு எகிறியது, மறுபடி எகிறியது, மூக்குச் சக்கரம் மடங்கியது. இறங்கத் திரும்பும்போது வேகம் குறைந்து அப்படியே சரிந்தார். எதிலும் பெயர் கிடையாது. 'விமானி' அவ்வளவுதான். பெயர் இல்லாததால் எல்லாருக்கும் சே. முகம் வந்துவிடுகிறது.

ஒன்றில் காரணம்: எஞ்சினுக்குள் ஐஸ். நம் மலேசியா மாதிரி வெயில் நாடுதான் அது. சாப்பிடும்போது கேட்டேன்.

"காத்துல ஈரம் இருக்குல்ல. எஞ்சின கொறச்சு இறங்கறப்ப, காத்தும் பெட்ரோலும் கலக்குற எடம் குளுந்து ஐஸ் புடிச்சிக்கும். அப்ப சூடு காத்த தெறந்து விடணும். மறந்தா எஞ்சின் இருமும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, கீழ வந்து பாக்கறதுக்குள்ள ஐஸ் கரஞ்சிரும். ஒண்ணுமே இருக்காது." ரசத்தைக் குடித்துவிட்டு நிமிர்ந்தார். "ஏன் இதெல்லாம் கேக்குற?"

"சும்மா."

"பயப்படாத. சாது மாடு மாதிரி அந்த பிளேன். நாம ஒழுங்கா இருந்தா அதுவும் ஒழுங்கா இருக்கும்."

கரைந்துபோகும் காரணம். படுத்த பிறகும் அதே நினைப்பு.

மே 6, புதன்

கனவு. புக்கிட் ரோத்தான் தோட்டத்து எண்ணெய்ப் பனைகளின், செம்பனைகளின் தலைமேல் ஒரு வெள்ளை விமானம், கொக்கு உட்காருகிற மாதிரி வந்து உட்கார்ந்தது. சத்தமே இல்லை. மட்டைகள் மெல்ல வளைந்து தாங்கிக்கொண்டன. கதவு திறந்தே இருந்தது, உள்ளே யாரும் இல்லை. சீட் மட்டும் ஈரம். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று மரங்களுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். நடந்தேன் என்பதை விட மிதந்தேன்.

சே. சனிக்கிழமை வடக்கே அலோர்ஸ்டார் வரை பறந்து போகிறாராம், ஹாஜாவோடு. பறந்த மணிநேரம் சேர வேண்டுமாம். இரவு தங்கி ஞாயிறு காலையில் திரும்பிவிடுவார்கள். "பத்து மணிக்கெல்லாம் கீழ நிப்பேன்." நிச்சயம் நாலு மணிக்கு.

போக வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமோ.

மே 7, வியாழன்

வேலை அதிகம். ஒரு பெட்டி கையுறை முழுக்க ஒரே இடத்தில் ஓட்டை.

மதியம் படித்த ஒன்று இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது. விமானி நன்றாக ஓட்டத் தெரிந்தவர். விமானத்தில் கோளாறு இல்லை. மேகம் இறங்கி வந்தது, திரும்பிப் போக இடம் இருந்தது, போகவில்லை. மேகத்துக்குள் நுழைந்தார். அங்கே மலை இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: மாலை விருந்துக்கு வந்துவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தார்.

பழைய அறிக்கைகளை எடுத்து மறுபடி பார்த்தேன். முதலில் கண்ணில் படாத வரிகள். மறுநாள் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. மகன் பிறந்தநாள். மனைவி விமானத் திடலில் வந்து காத்திருந்தார்.

நம் தொழிற்சாலை மாதிரி ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் வீட்டு வாசலில் ஒருத்தி நிற்கிறாள். கையில் போன். "எங்க இருக்கீங்க?"

மே 8, வெள்ளி

ரவிக்கை வாங்கியாகிவிட்டது, கை இறுக்கம். வெற்றிலைக்குச் சொல்லியாகிவிட்டது. தைலம் மறந்தே போனது.

சே.யிடம் சொல்லிவிட்டேன், படித்ததையெல்லாம். சிரித்தார். "நீ எங்க என்ன நெருக்குற? நீ பாட்டுக்கு இருக்குற ஆளு."

"போன மாசம் ஈப்போவுக்கு பறந்து போனப்ப எத்தன மெசேஜ் போட்டேன், தெரியுமா? சோறு ஆறுது, சோறு ஆறுதுன்னு."

சிரிப்பு நின்றது. ஷூவுக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு நான் வேகமாத்தான் எறங்குனேன்," என்றார். மறுபடி நாடாவைக் கோத்தார்.

மே 9, சனி

விடியும்போதே கிளம்பிவிட்டார். பாசார்ச் சந்தையில் கீரைக்காரியிடம் நிற்கையில் மேலே சின்னதாக ஒரு உறுமல். அண்ணாந்து பார்த்தேன். வெண்ணிறத்தில் ஒரு கீற்று, உடனே வெயில் அதை விழுங்கிவிட்டது. அவராக இருக்கலாம். யாராகவும் இருக்கலாம். கீரைக்காரி, "மீதி சில்லற வேணாமா தங்கச்சி?"

மதியம் படம் அனுப்பினார். அலோர்ஸ்டார் பக்கத்துக் கெடா வயல், தண்ணீர் நிற்கிறது, அதில் விமானத்தின் நிழல் ஒரு தும்பி அளவுக்கு. நெடுநேரம் பார்த்தேன். அழகுதான்.

சாயங்காலம் பஸ் பிடித்துக் கோலசிலாங்கூர், அத்தை வீடு. புவனாவுக்கு மருதாணி வைத்தேன். "அண்ணி, அண்ணன் நேரத்துக்கு வந்துரும்ல?" வந்துவிடும் என்றேன். வாய் தானாகச் சொன்னது.

மே 10, ஞாயிறு (இங்கே இப்போது எல்லாரும் தூங்குகிறார்கள்)

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை: சே. போன். அலோர்ஸ்டாரில் மேகம் தரையைத் தொடுகிற மாதிரி. விலகும்வரை காத்திருக்கிறோம்.

பத்து மணி போயிற்று. பன்னிரண்டும் போயிற்று. கோயில் மண்டபத்துக்கு வாழை இலை வந்து இறங்கியது. இங்கே வானம் கழுவின மாதிரி.

மறுபடி போன். அங்கே மேகம் விலகிவிட்டதாம், ஆனால் பேராக் பக்கம் வழியில் மழை கட்டுகிறதாம். அத்தை போனை என் கையிலிருந்து வாங்கினார். "கண்ணு, நல்ல நேரம் நாலரைக்குள்ள. மாப்பிள்ள வீட்டுக்காரவங்க ஜொகூர்லேருந்து வராங்க. எப்படியாச்சும் வந்துருய்யா."

"வரேம்மா. கிளம்பிட்டேன்னு வச்சுக்க."

அந்தக் குரல். எனக்குத் தெரியும், ஈப்போ அன்றைக்கும் இதே அவசரக் குரல். போனை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். போனில் சே.க்குப் பக்கத்தில் ஹாஜா பேசுவது கேட்டது: "சேகர், அந்தாண்ட பாருங்க, கறுத்துக்கிட்டு வருது. மேக இடுக்குல பூந்து போயிறலாமா?"

"வராதீங்க," என்றேன்.

"என்னா?"

"பிளேன்ல வராதீங்க. ரயில்ல வாங்க."

"ரயில்ல வந்தா இருட்டிரும் மாலதி. தட்டு யாரு மாத்துறது? புவனா மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?"

"புவனாவ நான் பாத்துக்கறேன். நாந்தான் தடுத்தேன்னு சொல்லிக்கறேன். நீங்க வராதீங்க."

அங்கே காற்று அடிக்கும் சத்தம் மட்டும். பிறகு, "சரி."

உள்ளே போய்ச் சொன்னேன். அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டார். புவனா பாதி தலைப் பின்னலோடு எழுந்து வந்தாள். "அதச் சொல்ல நீங்க யாரு அண்ணி? அப்பாவும் இல்லாம, அண்ணனும் இல்லாம, அப்படியா நான் உக்காரணும்?"

படித்ததையெல்லாம் அப்போது சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

நாலு மணிக்கு மண்டபத்தில், அத்தையின் அண்ணன் பெரிய மாமா தட்டைத் தான் மாற்றுவதாக முன்னால் வந்தார். புவனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன் இல்லன்னா எங்கம்மா மாத்தட்டும். வேற யாரும் வேணாம்," என்றாள். மண்டபத்தில் முணுமுணுப்பு. தாலி அறுத்தவளா என்று யாரோ. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்று, "வாங்க சம்பந்தி," என்றார். அவ்வளவுதான். அத்தை தட்டை ஏந்தினார்.

அந்த நேரத்தில் வெளியே வெயில் தகதக. மாமா என் பக்கம் வந்து, "என்னம்மா, மழ மழன்னீங்க?"

சே. இருட்டிய பிறகு ரவாங் ஸ்டேஷனில் இறங்கி, வாடகைக் காரில் வந்தார். பந்தி முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். புவனா அறையை விட்டு வெளியே வரவில்லை. சே. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தார்.

மே 11, திங்கள்

செரண்டா திரும்பியாயிற்று. லீவு.

சே. காலையில் தானாகச் சொன்னார்: "நேத்து பெல்ட்டு போட்டுட்டேன் மாலதி. உங்கிட்ட பேசுறப்ப பிளேன் உள்ளதான் உக்காந்துருந்தேன்."

பிறகு கொஞ்சம் தயங்கி: "எங்களுக்கு முன்னாடி ஒரு பிளேன் கிளம்பிச்சு. அதே வழி. பத்திரமா போய் எறங்கிட்டாங்களாம்."

"நீங்களும் வந்திருப்பீங்களா?"

"வந்திருக்கலாம்." தேநீரை ஆற்றினார். "தெரியல."

எனக்கும் தெரியாது. இனி எப்போதும் தெரியப்போவதில்லை. நடக்காமல் போனதற்கு யாரும் அறிக்கை எழுதுவதில்லை. அத்தை போன் எடுக்கவில்லை.

மே 13, புதன்

நல்ல மழை. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் கரைந்து வழிகிற மாதிரி. வேலை நேரத்தில் புவனா போன்.

"கோவம் இன்னும் போகல அண்ணி. சொல்லிட்டேன்."

"சரிம்மா."

"போட்டோ வந்துச்சு. அம்மா தட்ட புடிச்சிருக்கற போட்டோ. அம்மா அத பெருசா போட்டு மாட்டணுங்குது." கொஞ்சம் நிறுத்தி, "அப்பா போனதுக்கப்புறம் அம்மா எந்த போட்டோலயும் முன்னுக்கு நின்னதில்ல."

வைத்துவிட்டாள். கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன்.

மே 16, சனி

சே.யும் ஹாஜாவும் விமானத்தைக் கொண்டுவர ரயிலில் அலோர்ஸ்டார் போனார்கள். எப்போது வருவீர்கள் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது இத்தனை பெரிய வேலை என்று தெரியாது. போனைத் துணி அலமாரியில் வைத்துவிட்டு வீடு முழுக்கத் துடைத்தேன். மதியம் படுத்தேன், தூக்கமும் இல்லை விழிப்பும் இல்லை. கூரைக்கு மேலே எஞ்சின் சத்தம் வந்து வந்து போனது. பக்கத்து வீட்டு ஏர்கண்டிஷன்.

நாலு மணிக்கு அலமாரிக்குள் மணி அடித்தது. "கீழ நிக்கிறேன்," என்றார்.

மே 17, ஞாயிறு

நானே சொன்னேன், இன்னிக்கு ஏறுகிறேன் என்று. அவர் நம்பவில்லை. நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் இரண்டு வாங்கிக்கொண்டு கிளப் திடலுக்குப் போனோம். புல் ஈரம். விமானம் நான் நினைத்ததை விடச் சின்னது. ஒரு கண்ணாடிக் குவளையில் பெட்ரோலைக் கொஞ்சம் வடித்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். லேசான நீலம், அந்தப் பெட்ரோலின் நிறமே அதுதானாம். தண்ணீர் இல்லை.

உள்ளே உட்கார்ந்தேன். பெல்ட் போட்டுவிட்டார். சுற்றி வந்து தன் பக்கக் கதவைத் திறந்தவர் ஏறவில்லை. கதவைப் பிடித்தபடி கடல் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு அங்கே நீலம் மட்டும்தான் தெரிந்தது.

"இன்னிக்கு வேணாம் மாலதி. நமக்கு என்ன அவசரம்," என்றார்.

இறங்கினேன். விமானத்தின் இறக்கை உடம்புக்கு மேலே இருக்கிறது, கீழே நல்ல நிழல். அங்கேயே புல்லில் கிளப்பில் கிடந்த ஒரு பாயை விரித்துப் பொட்டலத்தைப் பிரித்தோம். சோற்றோடு வந்த மிளகாய்ச் சம்பலில் காரம் சரியாக இருந்தது. சே., ஹாஜா கடையில் மழைக்காலத்தில் இறால் கிடைக்காது என்பது பற்றிப் பேசினார், நான் புவனா கல்யாணத்துக்கு மண்டபம் பற்றி. வெயில் ஏற ஏற இறக்கையின் நிழல் நகர்ந்தது. பாயை இழுத்துக்கொண்டு நாங்களும் நகர்ந்து உட்கார்ந்தோம்.