மச்சான் கடைக் கார்பைடு

இரும்பையும் என்னையும் ஒரே குரலில் அதட்டிய என் அண்ணாவுக்கு,

நீங்கள் போன பிறகு வீட்டில் நடந்ததை உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். பத்திரிகைக்குச் செய்தி எழுதியே தலை நரைத்தவன் நான். நடந்ததற்கு மேல் ஒரு சொல் சேர்க்க மாட்டேன்.

கிணற்றின் இரும்புச் சால் நீங்கள் விட்ட இடத்திலேயே கிடக்கிறது. நீங்கள் பற்றவைத்த ஒரு பக்கம் ஒட்டியிருக்கிறது. மறுபக்கம் வாய் பிளந்திருக்கிறது. தண்ணீர் இறைக்க வழியில்லாமல் மிளகாய்ச் செடி தலை தொங்கிவிட்டது. இந்த யுத்தகாலத் தட்டுப்பாட்டில் புதுச் சாலுக்கு எங்கே போவது? சேலத்திலிருந்து வர வேண்டிய ஆக்சிஜன் சிலிண்டர்கூட வந்துவிட்டது. நல்ல கார்பைடு கல்தான் வரவில்லை. கந்தசாமி மச்சான் தன் நாமக்கல் கடையிலிருந்து கொடுத்ததில் பாதிக்கு மேல் வெறும் சுண்ணாம்புக் கல்.

தண்ணீர் பட்டதும் நுரைத்து, இரும்பை உருக்கும் தீக்கு வாயுவைக் கக்க வேண்டிய கல் அது. கடையிலேயே ஒன்றைத் தண்ணீரில் போட்டிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். நீங்கள் செய்யவில்லை. "உங்க அண்ணியூட்டு ஆளுடா. அவரு முன்னால டின்னைப் பிரிச்சா, பொண்ணு குடுத்தவங்களைத் திருடன்னு சொன்ன மாதிரி" என்பீர்கள். பிறகு வீட்டுக்கு வந்து, எரியாத குழாயைக் கையில் வைத்துக்கொண்டு மழைக்காற்றைத் திட்டுவீர்கள். மழைக்காற்று என்ன செய்தது, அண்ணா?

உங்கள் காரியம் முடிந்த மறுநாள் மச்சான் வந்தார். கையில் ஒரு டின். துக்கம் விசாரித்த ஈரம் உதட்டில் காயுமுன்னே பேச்சு, கல்லைப் போட்டு வாயு எடுக்கும் உங்கள் டிரம்முக்குப் போய்விட்டது.

"இனி அதை யாரு அம்மிணி தொடப்போறா? துருப்புடிச்சுத்தான் போகும். நான் எடுத்துக்கறேன். பதிலுக்கு இந்த டின்னு. அத்தனையும் நல்ல கல்லு. சாலை எங்கயாச்சும் குடுத்துப் பத்தவச்சுக்க."

அண்ணி எரிந்துகொண்டிருந்த விளக்கை, வாயுவில் தீப்பிடிக்காதபடி, எடுத்துப் போய் உள்ளறையில் வைத்தார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். டின்னைப் பிரித்து, மேலே இருந்ததை விட்டுவிட்டு, அடியில் கைவிட்டு ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டார். வீடு நிறையச் சனம். ஒரு குமிழி இல்லை.

"ஏனுங்கண்ணா, உங்க கல்லும் துக்கத்துக்கு வந்திருக்குதுங்களா? வாயே தொறக்க மாட்டேங்குது."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். மச்சானின் முகம் கறுத்தது. "எல்லாரு முன்னாலயும் பொறந்த ஊட்டையே அசிங்கப்படுத்தறயா?"

"அந்த ஊட்டு மரியாதைக்குத்தானுங்க அவரு ஒரு டின்னையும் பிரிச்சுப் பாக்கலை. அது தெரிஞ்சுதானுங்களே குடுத்தீங்க?"

அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். வாசலில், பழக்க தோஷம், "வாரேன்" என்றார். துக்க வீட்டில் யாரும் சொல்லாத சொல்.

"வர வேண்டாமுங்க" என்றார் அண்ணி.

டிரம் இங்கேதான் இருக்கிறது. எனக்கு அந்த ஆள் மேல் இருக்கும் கோபத்தில் கொஞ்சம் உங்கள் மேலும் இருக்கிறது. செத்தவரிடம் அதை எப்படித் தீர்த்துக்கொள்வது?

நாளை கரூர் போகிறேன். அங்கே கடை வைத்திருப்பவர் நம் பங்காளிதான். அவர் கண்முன்னே டின்னைப் பிரிப்பேன், கல்லைத் தண்ணீரில் போடுவேன். அது நுரைத்த பிறகுதான் அவரை முறை சொல்லிக் கூப்பிடுவேன். சாலின் மறுபக்கத்தை நானே ஒட்டுகிறேன், அண்ணா. உங்கள் பக்கத்தில் நின்று பார்த்த கை இது. ஒட்டு கோணலாகத்தான் இருக்கும். தண்ணீர் ஒழுகாது.

உங்களுக்கு மட்டும் மரியாதை மிச்சம் வைத்திருக்கும்,
உங்கள் தம்பி