சத்தம் அடங்கிய இஞ்சின்

போன வாரம் ஒரு காலை, டாக்ஸி ஸ்டாண்டில் உங்களோடு இருந்த மாதேவன் நம் பழைய அம்பாசிடரைக் கிளப்பிவிட்டு, பானெட்டைத் தட்டிக்கொண்டே கன்னடம் கலந்த தமிழில் என்னைக் கூப்பிட்டான். நீங்கள் என்னை விட்டுப் போன பிறகு வண்டியை ஓட்டுகிறவன் அவன்தான்.

"அக்கா, ஸ்வல்ப கேளுங்க. இஞ்சின் எஷ்டு சைலென்டா இருக்கு பாருங்க! உங்க வீட்டு யஜமானரு ஓட்டறப்ப சக் சக்னு அடிச்சிட்டே இருக்கும். இப்ப புது வண்டி மாதிரி."

பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். நிஜமாகவே சத்தம் இல்லை.

"ஆஃப் பண்ணு மாதேவா. இன்னிக்கு வண்டி எடுக்க வேண்டாம்."

"யாக்கக்கா? நல்லாத்தானே இருக்கு?"

நல்லாயிருக்கிறதாம்! நீங்கள் கேட்டிருந்தால் அவனை அங்கேயே உரித்து உப்புக்கண்டம் போட்டிருப்பீர்கள்.

அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது, வால்வு உட்காருகிற இடத்தில் அது மெத்தை மாதிரி படிந்திருக்கும் என்பீர்கள். இந்த மாதிரிப் பழைய இஞ்சின் அந்த மெத்தைக்குப் பழகியது. நம் வண்டியில் பெட்ரோலோடு சேர்த்துப் பொருத்திய கேஸ் அப்படியில்லை, வறண்ட நெருப்பு. வால்வு வெறும் இரும்பில் மோதி மோதிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமிழும். அமிழ அமிழ, வால்வைத் தட்டித் திறக்கிற டாப்பெட்டுக்கு விட்ட இடைவெளி குறைந்துகொண்டே வரும். இடைவெளி போனால் சத்தமும் போகும். அதன் பிறகு வால்வு முழுசாக மூடாது, சந்து வழியாக நெருப்பு கசிந்து அதன் விளிம்பைத் தின்றுவிடும். நான் இதைப் படித்தா தெரிந்துகொண்டேன்? தேவராஜா மார்க்கெட்டுப் பூக்கடையில் என்னை இறக்கிவிடும் வரைக்கும் தினமும் வேறு என்ன பேசினீர்கள்? மற்ற பெண்களுக்குப் புருஷன் சினிமாக் கதை சொல்வான், எனக்கு வாய்த்தது வால்வுக் கதை.

"கத்தற டாப்பெட்டுக்குப் பயப்படாதே புள்ள. அடங்கிப் போச்சுன்னாத்தான் பயப்படோணும்" என்பீர்கள்.

அதற்காக நீங்கள் பட்ட பாடு கொஞ்சமா? காலையில் பெட்ரோலில்தான் கிளப்புவீர்கள். இஞ்சின் சூடான பிறகே கேஸுக்கு மாற்றுவீர்கள். நஞ்சன்கூட்டிலிருந்து திரும்பும்போது ரயில்வே கேட்டைத் தாண்டியதும், பின்சீட்டில் யார் இருந்தாலும் சரி, பேச்சை நிறுத்திவிட்டு சுவிட்சைப் பெட்ரோலுக்குத் தள்ளுவீர்கள். "கடைசித் தூரம் பெட்ரோல்ல வந்தாத்தான் நாளைக்கு எடுக்கறப்ப அடம்பிடிக்காது." பானெட்டுக்குள்ளே ஒரு சின்ன பாட்டில் மாட்டியிருந்தீர்கள். அதிலிருந்து மெல்லிய குழாய் வழியாக வால்வு ஆயில் சொட்டுச் சொட்டாக இஞ்சினுக்குள் போகும். வெள்ளிக்கிழமை நான் வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறேனோ இல்லையோ, அந்தப் பாட்டிலை நிரப்பாமல் நீங்கள் சாவியைத் தொட்டதில்லை.

"எனக்குத் தலைக்கு எண்ணெய் தீர்ந்து எத்தனை நாளாச்சு, கேக்கறதுக்கு ஆளில்ல. வண்டிக்கு மட்டும் சொட்டுத் தவறாம ஊத்தறீங்க" என்று ஒருநாள் சொன்னேன். சாயங்காலம் தலைக்கு எண்ணெய் பெரிய டப்பாவாக வாங்கி வந்து நடுவீட்டில் வைத்துவிட்டுப் போனீர்கள்.

உங்கள் வாயும் லேசுப்பட்ட வாயில்லை. குழம்பில் உப்பு இல்லை, காப்பியில் சூடு இல்லை, மகன் பேசுவதில் பாதி கன்னடம் என்று நாள் முழுக்க ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். போன தசராவுக்குப் பிறகு அது நின்றுபோனது. போட்டதைச் சாப்பிட்டீர்கள், கொடுத்ததைக் குடித்தீர்கள். "உங்க வீட்டுக்காரரு சாது ஆயிட்டாரே" என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். நானும் நஞ்சுண்டேஸ்வரனுக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

எல்லாம் முடிந்த பிறகு மாதேவன் சொல்லி அழுதான். ஸ்டாண்டில் வண்டி மேல் சாய்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்களாம். வீட்டில் மூச்சு விடக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கினீர்களாம். கடைசி நாள்கூட அந்த வலியோடுதான் நஞ்சன்கூட்டிலிருந்து ஓட்டி வந்திருக்கிறீர்கள். ரயில்வே கேட்டில் சுவிட்சை மாற்றவும் மறக்கவில்லை. மறுநாள் விடியும்போது உங்களைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தி மாதேவன் சாவியைத் திருகினான். ஒரே திருகலில் வண்டி எடுத்துக்கொண்டது. நீங்கள்தான் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட உயிரோடு வரவில்லை.

ஊருக்கெல்லாம் அத்தனை சொன்ன மனுஷன், கட்டினவளிடம் மட்டும் சொல்லாமல் அடங்கிப் போனீர்களே! இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

சத்தம் அடங்கிய அன்றைக்கே நான் வரவழைத்த மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்தார். உங்கள் பாட்டில் காய்ந்து கிடந்தது. கண்ணாடி துடைக்கிற தண்ணீருக்கு என்று நினைத்தானாம் மாதேவன். கேஸிலேயே கிளப்பி, கேஸிலேயே ஓட்டி, கேஸிலேயே நிறுத்தியிருக்கிறான். டாப்பெட் சந்தில் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா வால்வு எரிஞ்சிருக்கும்மா" என்றார் மெக்கானிக். வால்வு உட்காரும் இடத்தில் கெட்டியான வளையம் போடச் சொன்னேன். பாட்டிலை இனி நானே நிரப்புகிறேன். நேற்றுக் காலை வண்டி பழையபடி சக் சக்கென்று கத்திக்கொண்டு தெருமுனை திரும்பிப் போனது. வண்டி பிழைத்துக்கொண்டது.

அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தபோதுதான் நம் மகன் ஞாபகம் வந்தது. ஹெப்பாள் ஃபேக்டரிக்குப் போகிறான், வருகிறான், போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறான். அப்பாவைப் போலக் குறை சொல்லாத பிள்ளை என்று எல்லோரும் மெச்சுகிறார்கள்.

நேற்று ராத்திரி வேண்டுமென்றே குழம்பில் உப்பே போடவில்லை. முழுத்தட்டையும் சாப்பிட்டுவிட்டு எழுந்தான். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"என்னம்மா?"

"கொழம்புல உப்பே இல்லயேடா. ஒரு வார்த்த சொல்ல மாட்டயா?"

"அப்பா போனதுலிருந்து எனக்கு ருசியே தெரியறதில்லம்மா" என்றான். பிறகு, உங்களைக் கொண்டுபோன அன்றுகூட அழாத பிள்ளை, எச்சில் கையோடு என் தோளில் விழுந்து சத்தம் போட்டு அழுதான். நான் அடக்கவில்லை.