ஒரே பட்டியல், இரண்டு போன்

கண்டி மார்க்கெட்டில் மழைக்கு ஒதுங்கி நின்று, போனில் சாமான் பட்டியலைத் திறந்தேன். நீயும் நானும் சேர்ந்து எழுதிய அதே பட்டியல்தான். கடைசியாக நீ சேர்த்த சவர்க்காரம் இன்னும் அப்படியே நிற்கிறது. நீ இறந்துபோய் மூன்று மாதம்.

அந்த நேரம் பார்த்துப் புசல்லாவையிலிருந்து உன் தங்கச்சி கோல் எடுத்தாள். "எங்கக்கா போனை அம்மாவுக்குக் குடுக்கப் போறேங்க்கா. அவ கணக்கையும் மூடிரவா?"

"கொஞ்சம் பொறும்மா" என்றேன். பட்டியல் உன் கணக்கில் இருப்பது. அதை மூடினால் என் போனிலிருந்தும் போய்விடும். என்னிடம் இருப்பது வெறும் ஷலோ கொப்பி.

அந்தச் சொல்லே நமக்கு ஒரு சண்டையில்தானே வந்தது! தேயிலைத் தோட்டத்து வரவுப் பதிவான செக்ரோலுக்கு ஆபீஸில் நாம் மென்பொருள் எழுதினோம். சோதித்துப் பார்க்க முதல் ஆளாக உன் அம்மா பெயரைப் போட்டாய். நான் நேற்றைய பதிவை நகலெடுத்து, இன்றைக்கு மழையென்று எல்லாருக்கும் அரைநாள் கூலி, அதாவது அரைப்பேர் போட்டேன். பார்த்தால் நேற்றைக்கும் அரைப்பேர்.

"அடிப்பாவி, எங்கம்மா மலையேறி வாங்குன முழுப்பேர அழிச்சிட்டியேடி!" கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாய்.

கோபம் ஆறியதும் காரணத்தையும் நீயே கண்டுபிடித்தாய். பதிவேடு இரண்டானாலும் உள்ளே இருக்கும் ஆட்கள் ஒன்றே. இங்கே தொட்டால் அங்கேயும் மாறும். அது மேலோட்டமான நகல், ஷலோ கொப்பி. அடிவரை இறங்கி உள்ளே இருப்பதையும் புதிதாக எடுத்தால் டீப் கொப்பி. ஸ்மோல்டோக் என்ற பழைய கணினி மொழியிலேயே இரண்டும் கட்டளைகளாக இருந்ததாம். "நாம பொறக்கறதுக்கு முந்தியே எவளோ இதுல மாட்டியிருக்கா, பாரு" என்று சிரித்தாய்.

பட்டியலைப் பகிர்ந்ததும் உன் யோசனைதான். பேராதனையில் நான் பஸ்ஸில் வரும்போதே என் போனில் பருப்பின் மேல் கோடு விழும். நீ வாங்கிவிட்டாய் என்று தெரிந்துகொள்வேன். இப்போது நம் அறைக்குத் திரும்பவே பிடிக்கவில்லையடி.

நின்ற இடத்திலேயே, அடிவரை எல்லாவற்றையும் தனி நகலாக எடுத்தேன். பிறகு உன் தங்கச்சியிடம் "மூடிரும்மா" என்றேன். பழைய பட்டியல் என் கண்முன்னே மறைந்தது.

உன்னிடம் மறைப்பானேன்? இந்த மூன்று மாதமும் அதைத் திறந்து திறந்து பார்த்ததே, உன் பக்கத்திலிருந்து ஒரு கோடாவது விழாதா என்றுதான். பைத்தியக்காரி என்று திட்டிக்கொள். நகல் பத்திரமாக இருக்கிறது. இனி நான் தொடாமல் அதில் ஓர் எழுத்தும் மாறாது.