காலி அணுவும் தையல் ஊசியும்

திருப்பூர்
16.10.1967

அன்புள்ள காந்திமதிக்கு வணக்கம்.

அம்மாவின் மூச்சிரைப்பு குறைந்ததா? நான் சுகம். விரலில் தையல் ஊசி ஏறிவிட்டது, சின்னக் காயம்தான். கோபத்தோடு தைத்ததால் வந்தது.

ஆயுத பூஜையன்று என் மெஷினுக்குப் பொட்டு வைக்க நான் விடவில்லை. காலேஜில் பௌதிகம் நடத்தும், எங்கள் பனியன் கம்பெனி முதலாளியின் மருமகன் சிரித்தார். "ஏனுங்க, பொருள்தான் எல்லாம்னு பேசறீங்க. அணுவுக்குள்ள பாத்தா அத்தனையும் காலிங்க. உங்க நாத்திகம் எதுமேலங்க நிக்கும்?"

நம் ஊர் செல்லத்துரை, என்னோடு கறுப்புச் சட்டை போட்டு மேடை ஏறியவன், உடனே தன் மெஷினுக்குச் சந்தனம் பூசினான். "படிச்சவரே சொல்லுதாரு அண்ணாச்சி" என்கிறான். பொருளைப் பற்றி நாம் நினைத்தது தப்பென்றால் திருத்திக்கொள்வோம். அந்தக் காலி இடத்தில் சாமியைக் குடிவைக்க இவருக்கு யார் பட்டா கொடுத்தது? மறுநாள் இந்த ஆத்திரத்தோடு மெஷினை மிதித்தபோதுதான் ஊசி ஏறியது.

உன் தம்பியின் பௌதிகப் புத்தகத்தை அனுப்பு. எலுமிச்சை ஊறுகாயும் கொஞ்சம். செல்லத்துரையோடு பேச்சில்லை, தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

தபால் எடுக்க வந்துவிடுவார்கள். இங்கே கேட்க ஆளில்லாததால் உன்னிடம் கேட்கிறேன். விரலும் காலி, ஊசியும் காலி என்றால், அன்று எலும்பில் போய் முட்டியது எது?

உன்,
இசக்கிமுத்து