எனக்கும் ஒரு எம்.சி.

மார்ச் 11, செவ்வாய், இரவு

கிளினிக்கில் இன்று ஓர் அம்மா பிரஷர் பார்க்கப் பயந்தார். தைரியம் சொல்ல, பட்டையை முதலில் என் கையில் சுற்றிக் காட்டினேன். இயந்திரம் நூற்றெண்பத்தைந்து காட்டியது.

"ஐயோ டாக்டர், என்னைவிட நீங்கதான் மோசம் லா!"

இயந்திரம் பழுது என்று முணுமுணுத்தேன். பக்கத்து அறையிலிருந்து இளைய டாக்டர் கவிதா வந்து வேறு இயந்திரத்தில் பார்த்தார். குறையவில்லை.

"இப்படியே வேலை பார்த்தா ஸ்ட்ரோக்தான் சார். எம்.சி. எழுதுறேன். எத்தனை நாள் லீவு வேணும்?"

காலமெல்லாம் நான் பிறரிடம் கேட்ட கேள்வி. திங்கட்கிழமை வந்து எம்.சி. என்று மருத்துவ விடுப்புச் சீட்டு கேட்பவர்களை நம்பாதவன் நான். "ஒரு நாள் போதும்மா" என்றேன், பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் போல.

"ஒரு வாரம். நடுவுல கிளினிக் பக்கம் வந்தீங்க, ஊசிதான்!"

மாத்திரையும் தந்தார். எனக்கென்று ஒரு எம்.சி. வாங்கியது இதுவே முதல் முறை. மனைவியிடம் அதை இரண்டு முறை காட்டிவிட்டேன். நாளை பாலிக் புலா ஊரைச் சுற்றிப் பார்க்கப் போகலாம் என்கிறாள். ஒரு வேலை நாளில்! அலாரத்தை அணைத்துவிட்டேன். தூக்கம்தான் வரவில்லை. நெஞ்சு படபடக்கிறது. சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன். எதற்கும் காலையில் ஒரு தடவை பிரஷர் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.