தைத்துச் சுருக்கிய விரல்

அன்புத் தோழிக்கு,

நேற்று உன் மகள் ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே உன் பனிக் கையுறைகள். இன்னும் மண்ணெண்ணெய் வாசம் போகவில்லை. இடது ஆள்காட்டி விரலின் நுனியை நீ மடித்துத் தைத்திருந்ததைப் பார்த்ததும் மாசி என்ற இந்தப் புறநகரில் என் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நீ தென் துருவக் கடலில், மிதந்து நகரும் பனிப்பாளத்தின் மேல் கூடாரம் போட்டு இருந்தாய். பனியில் துளையிட்டு, கயிற்றில் நீரோட்டமானியை இறக்கி, அடியில் கடல் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளப்பது உன் வேலை. ஆக்லாந்து நகர மையத்தில் ஹீட்டர் அருகே உட்கார்ந்து, நீ ரேடியோவில் சொல்லும் எண்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. நான் சேர்ந்து இரண்டே மாதம். என் விசா அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

உன் ஊர் வழக்கில் நீ என்னை 'நீர்' என்பாய். மதுரைக்காரி எனக்கு அது மரியாதையா கோபமா என்று கடைசிவரை விளங்கவில்லை.

ஒருநாள் எண்களெல்லாம் ஏறக்குறையப் பூஜ்யம். பெரிய மேதாவி போல, "கருவி மாட்டிக்கிச்சு, மேல இழுத்துப் பாரு" என்றேன்.

"ஓம், பாக்கிறன்."

கயிற்றை இழுத்தாய். உறைந்த திருகாணியைக் கையுறையோடு கழற்ற முடியாமல் வெறுங்கையால் கழற்றினாய். கருவிக்கு ஒன்றுமில்லை. மறுநாள், "நாங்கள் நிக்கிற பனியும் ஓடுதெல்லே? அதையும் ஒருக்காக் கூட்டிப் பாரும்" என்று மட்டும் சொன்னாய்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கருவி தொங்குவதே பனிப்பாளத்தில்தான். பாளமும் தண்ணீரும் ஒரே பக்கம், ஒரே வேகத்தில் போனால் அது பூஜ்யம்தானே காட்டும்! பாளம் நகர்ந்த கணக்கு என் மேசையிலேயே கிடந்தது.

நீ திரும்பி வந்தபோது அந்த விரலுக்கு நுனி இல்லை. குளிரில் செத்துப்போன சதையை வெட்டிவிட்டார்கள். பக்கத்துப் புறநகரான ரானுயியில், உன் வீட்டுச் சமையலறையில் நின்று அழுதேன்.

"என்னாலதானே?"

"ஓம், உம்மாலதான்." வெங்காயம் உரிப்பதை நீ நிறுத்தவில்லை. ஆறுதலுக்குக்கூட 'இல்லை' என்று சொல்லவில்லை.

"ஆபீஸ்ல ஏன் சொல்லல?"

"சொன்னா விரல் முளைக்குமே? உம்மட விசாதான் போயிருக்கும். இனி வெண்டிக்காய் நீர்தான் வெட்டவேணும். எனக்கு வழுக்குது."

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்து வெட்டினேன். "இவ்வளவு பெரிசா! குழம்புக்கோ, மாட்டுக்கோ?" என்று நீ குறை சொல்லாத வாரமே இல்லை. பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், நாம் இருவரும் கண்ணாடி போட்டோம். ஒருவர் பக்கத்தில் ஒருவராக வந்துகொண்டிருந்ததால் எவ்வளவு தூரம் வந்தோம் என்றே தெரியவில்லை. நீ போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிகிறது.

கையுறையைப் போட்டுப் பார்த்தேன். மற்ற விரல்கள் நுழைந்தன. அந்த ஒன்று பாதியில் நின்றது. தையலைப் பிரித்தால் எனக்குச் சரியாக இருக்கும். பிரிக்க மாட்டேன்.

இன்று சனிக்கிழமை. வெண்டிக்காயைச் சிறிதாகத்தான் வெட்டி வைத்திருக்கிறேன். குறை சொல்லத்தான் ஆளில்லை.